அண்டை வீட்டாரின் தெய்வம் எத்தகையது?

நம் பாட்டனார் காலத்து ஞானோபதேசப் புத்தகங்களைப் புரட்டினால், 'அஞ்ஞானிகள்' என்னும் சொல் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படும். நம்மோடு ஒரே சந்தையில் வாங்கி விற்று, ஒரே வாய்க்கால் நீரில் பயிர் செய்து, நம் வீட்டு இழவுக்கும் மணத்துக்கும் வந்து நின்றவர்களைக் குறிக்கவே அச்சொல் பயன்பட்டது. அவர்கள் வணங்கிய தெய்வங்களோ 'பசாசு' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டன. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. அச்சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அதில் தெளிவாக உரைத்தது. அதன்பின் அப்பழைய சொற்கள் நம் ஏடுகளிலிருந்து மெல்ல மறைந்தன.

சொல் மறைந்தது நன்றே. ஆனால் அச்சொல் இருந்த இடத்தில் அறிவு வந்து அமர்ந்ததா? பழனிக்கு மேற்கே சில கல் தொலைவில், கரும்பாலும் வெல்ல ஏலத்தாலும் பெயர் பெற்ற நெய்க்காரப்பட்டியில் வாழும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அடுத்த வீட்டார் எந்த நாளில் எந்தக் கோயிலுக்குச் செல்கின்றனர் என்பது அக்குடும்பத்துக்குத் தெரியும். பொங்கல் வைத்தால் பங்கும் வந்து சேரும். ஆனால், 'உங்கள் தெய்வத்தின் குணம் என்ன? அது உங்களிடம் எதை நாடுகிறது? ஏன் சினக்கிறது, ஏன் இரங்குகிறது?' என்று எவரேனும் கேட்டதுண்டா? ஒரு மனிதன் தன் தெய்வத்தின் மனத்தை எவ்வாறு எண்ணுகிறான் என்று அறிந்தாலன்றி, அவன் துயரத்தையும் நம்பிக்கையையும் நாம் அறிய இயலாது.

கேட்டு எழுதியவர்கள்

இக்கேள்வியைக் கேட்டவர்கள் முன்னரே இருந்தனர். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு, தமிழ் மக்களிடம் கேள்விகளை அனுப்பி, அவர்களது மறுமொழிகளைக் கடிதங்களாகவே பெற்றார். ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி முதலிய தெய்வங்களைப் பற்றி அவர் திரட்டிய செய்திகள் 1713-இல் ஒரு நூலாக உருவாயின. அதனை அச்சிட ஐரோப்பாவிலிருந்த மேலிடத்தார் விரும்பவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1867-இல் சென்னையில்தான் அது அச்சேறியது. கேட்பதே குற்றம் என்று கருதிய காலம் அது.

பின்னர், சென்னையின் ஆங்கிலிக்கன் ஆயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் 1916-இல் தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கொள்ளைநோயையும் பஞ்சத்தையும் தடுக்க வேண்டி, சினமுள்ள சக்திகளைத் தணிக்கும் அச்சமே இவ்வழிபாட்டின் உயிர்நாடி என்பது அவரது பார்வை. நம் காலத்தில் பேராசிரியர்கள் நா. வானமாமலையும் (1917-1980) தொ. பரமசிவனும் (1950-2020) வேறொரு திசையில் வழி காட்டினர். கிராம தெய்வம் என்பது அஞ்சத்தக்க ஓர் ஆற்றல் மட்டுமன்று. அது அம்மக்களின் வரலாற்று நினைவு, உறவு, நியாய உணர்வு என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் இத்திசையிலேயே பல மாணவரைப் பயிற்றுவித்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

சினந்து வந்த பிள்ளை

நெய்க்காரப்பட்டி வட்டாரத்தார் எங்கு நின்று பேசினாலும் பேச்சு பழனி மலைக்கு வந்து சேரும். ஞானப் பழம் தமையனுக்குப் போனதென்று தாய் தந்தையரிடம் சினந்து, உடைமைகளைத் துறந்து, தனியே மலைமேல் வந்து நின்ற பிள்ளையின் கதையை அறியாதார் எவருமில்லை. வெளியிலிருந்து நோக்குபவர், 'ஒரு கனிக்காகச் சினப்பவன் கடவுளாவானா?' என்று வியக்கலாம். வழிபடுவோர் அவ்வாறு காண்பதில்லை. சினந்து சென்ற பிள்ளையை நாடித் தாயும் தந்தையும் வந்தனர் என்பதே அவர்கள் நெஞ்சில் நிற்கும் பகுதி. கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகனையோ, பங்கு கிடைக்காத தம்பியையோ அறியாத குடும்பம் உண்டா? தம் வீட்டு நோவை அறிந்த தெய்வம் என்பதால் அவர்கள் அவனை நெருங்குகின்றனர். 'ஆண்டி' என்று ஒருமையில் அழைக்கவும் துணிகின்றனர்.

இதே மலையைச் சைவ சித்தாந்தம் கற்ற ஒருவர் நோக்கினால் வேறொன்று சொல்வார். இறைவனுக்கு வேண்டுதல் வேண்டாமை இல்லை. அருள்வது அறக்கருணை, ஒறுப்பது மறக்கருணை. இரண்டும் கருணையே என்பார். தெய்வத்தின் சினம் என்று நாம் காண்பது, பிணி தீர்க்கும் மருத்துவன் கையிலுள்ள கத்தி போன்றது என்று விளக்குவார். ஒரே கோயிலின் படிகளில் இவ்விரு எண்ணங்களும் ஒருங்கே ஏறிச் செல்கின்றன. எனவே, 'அவர்கள் தெய்வத்தை இப்படி எண்ணுகின்றனர்' என்று ஒரே வரியில் முடிவு கட்டுவது நமக்கு ஆகாது.

ஐகோர்ட்டுக் காளி

நெய்க்காரப்பட்டிக்கு அருகிலுள்ள பெரியகலையம்புத்தூரில் ஒரு பத்திரகாளியம்மன் கோயில் உண்டு. திருவிழாவும் ஜல்லிக்கட்டும் அவ்வூருக்குப் பெயர் தந்தவை. அந்த அம்மனுக்கு மக்கள் இட்ட அடைமொழி 'ஐகோர்ட்டு' என்பதாகும். தூத்துக்குடி மாவட்டம் ஆறுமுகமங்கலத்தில் சுடலைமாடனுக்கு 'ஐகோர்ட் மகாராஜா' என்றே பெயர். சிரிப்பதற்குரிய பெயர் என்று இதனைக் கடந்துவிடலாகாது. தெய்வத்தின் குணத்தைப் பற்றி இம்மக்கள் கொண்டுள்ள கருத்து முழுவதும் இவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கிறது. கீழ்க் கோர்ட்டுகளில் தோற்றவனுக்கும், எந்தக் கோர்ட்டின் படியும் ஏற வழியில்லாதவளுக்கும் கடைசியாக ஓர் இடம் உண்டு. அங்கே இருப்பவளை விலைக்கு வாங்க முடியாது என்பதே அப்பெயரின் பொருள்.

தமிழகமெங்கும் இதற்குச் சான்றுகள் உள. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில், தம் குறையைத் தாளில் எழுதிப் 'பிராது' கட்டுகின்றனர். வழக்கு முடிந்ததும் பிராதைத் திரும்பப் பெறும் முறையும் உண்டு. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், பொருளைப் பறிகொடுத்தோரும் வஞ்சிக்கப்பட்ட பெண்டிரும் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுகின்றனர். சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடியில், வெட்டுடையார் காளியின் முன் காசு வெட்டிப் போட்டுத் தம் வழக்கை ஒப்படைக்கின்றனர். பொய் வழக்குத் தொடுத்தவன்மீதே அக்காசு திரும்பும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆதலால் வெட்டுவதற்குமுன் பலர் அஞ்சித் திரும்பிவிடுவதும் உண்டு. நீதி கேட்பவன் முதலில் தன்னையே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் உட்கிடை.

இங்கே நம் நினைவுக்கு வருவது நம் ஆண்டவர் சொன்ன கைம்பெண்ணின் உவமை. கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவர் ஒருவரிடம் அவள் ஓயாமல் முறையிட்டாள். இறுதியில் அவளது தொல்லைக்காகவேனும் அவர் நீதி வழங்கினார். அத்தகையவரே நீதி வழங்குவாராயின், இரவும் பகலும் கூக்குரலிடும் தம் மக்களுக்கு இறைவன் நீதி வழங்காதிருப்பாரோ என்று இயேசு வினவினார். மிளகாய் அரைக்கும் பெண்ணின் கண்ணீரும் இக்கைம்பெண்ணின் கண்ணீரும் ஒன்றே. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறைத்தல் ஆகாது. ஆனைமலையில் பகைவன் எரிய வேண்டும் என்று கேட்கலாம். நமக்கோ, பகைவனுக்காக மன்றாடும்படி கட்டளை இடப்பட்டிருக்கிறது. அது எளிய கட்டளை அன்று. அநீதி இழைக்கப்பட்டவளிடம் சென்று, நீதியைப் பற்றி ஒன்றும் பேசாது, 'மன்னித்துவிடு' என்று மட்டும் சொல்லித் திரும்பும் கிறிஸ்தவனைவிட, 'ஐகோர்ட்டுக் காளி இருக்கிறாள், கலங்காதே' என்று சொல்லும் அண்டை வீட்டுக்காரி அவள் துயரத்தை நன்கு அறிந்தவளே.

வெட்டுண்டவர்கள் தெய்வமாகும் கதை

இத்தெய்வங்கள் நீதியில் ஏன் இத்துணை நாட்டம் கொள்கின்றன? அவற்றுள் பல, ஒரு காலத்தில் அநீதியால் மாண்ட மனிதர்கள் என்பதே மக்கள் தரும் விடை. மதுரை வீரன் மன்னன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டான் என்பது கதை. இன்று மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாயிலில் காவல் தெய்வமாக நிற்கிறான். வேலு நாச்சியாரைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுண்ட உடையாள் என்னும் பெண்ணின் நினைவே கொல்லங்குடியில் வாழ்கிறது என்பர். வறுமையில் பிள்ளைகளோடு கிணற்றில் வீழ்ந்த நல்லதங்காளுக்கும் கோயில் உண்டு. கொங்கு நாட்டில் பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார் போரில் மாண்டு தெய்வமாயினர். அவர்களுடைய நெடுங்கதையைக் கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பகுதியில் பாடகர் வாயால் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். வீரப்பூரில் மாசி மாதந்தோறும் அக்கதை திருவிழாவாக நிகழ்கிறது.

அநீதியைத் தன் உடம்பில் அனுபவித்த ஒருவன் அதனை மறக்கமாட்டான். எனவே ஏழையின் வழக்கை அவன் ஏற்பான் என்பது இவ்வழிபாட்டின் அடிப்படை. இதைக் கேட்கும்போது நமக்கு உடல் சிலிர்க்கவில்லையா? நாமும் வெட்டுண்ட ஒருவரை அன்றோ வணங்குகிறோம்? 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட புனித அருளானந்தரின் மண்ணுக்கு, நம்மவர் மட்டுமின்றிப் பிற சமயத்தாரும் திரண்டு வருவதன் காரணம் இங்கே ஓரளவு விளங்குகிறது. குற்றமின்றிக் கொலையுண்டவரிடம் புனிதம் தங்கும் என்பதைத் தமிழன் நற்செய்தி கேட்பதற்கு முன்னரே அறிந்திருந்தான். ஆனால், கொலையுண்ட வீரன் பலி கேட்டு மீள்கிறான். கல்வாரியில் கொலையுண்டவர், கொன்றவர்களுக்காக மன்னிப்பு வேண்டினார். நம் அறிவிப்பின் புதுமை இவ்விடத்தில் உள்ளது.

அம்மை வந்த வீடு

மாரியம்மனின் மனத்தை அறிதல் இன்னும் நுட்பமானது. பெரியம்மை கண்ட வீட்டில், 'நோய் வந்தது' என்று எவரும் சொன்னதில்லை. 'அம்மா வந்திருக்கிறாள்' என்றனர். கொப்புளங்களை 'முத்து' என்றனர். வாயிலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதை விலக்கி, நோயாளியைத் தெய்வம் தங்கிய உடலாகவே பேணினர். அவள் தண்டிக்க வந்தாளா, விளையாட வந்தாளா, அன்றி இக்குழந்தையை விரும்பி வந்தாளா என்பதை எவரும் துணிந்து சொல்லமாட்டார். ஆயினும் நோயுற்றவனைப் பாவி என்று ஒதுக்கித் தள்ளாமல், அவன் கட்டிலருகே குரல் தாழ்த்தி நடக்கும் பண்பை இக்கருத்து அவர்களுக்கு அளித்தது. அம்மை குத்திக்கொள்வது அம்மனுக்கு அடாது என்று தடுப்பூசிக்கு அஞ்சி, உயிர் இழந்தவர்களும் இருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை காணப்படவில்லை. 1980 மே மாதம் 8-ஆம் நாள், உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. நோய் ஒழிந்தால் தெய்வமும் ஒழியும் என்று கருதியோர் ஏமாந்தனர். மாரி மழை தருபவளாகவும், பிள்ளை வரம் தருபவளாகவும், ஊரைக் காப்பவளாகவும் நிலைத்திருக்கிறாள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இன்றும் உண்டு. 2021-இல் கொரோனா பரவிய நாட்களில் அதே நகரின் இருகூர்ப் பகுதியில் 'கொரோனா தேவி' சிலையும் நிறுவப்பட்டது. பெயரற்ற அச்சத்தோடு வாழ்வதைவிட, பெயர் சொல்லி அழைத்து, 'தாயே, தணிவாய்' என்று கேட்கத்தக்க ஒரு முகத்தோடு வாழ்வது மனிதனுக்கு எளிதாக இருக்கிறது.

கிடா வெட்டும் ஒரு சட்டமும்

தெய்வம் உண்மையில் எதை விரும்புகிறது என்ற கேள்வி, ஒரு முறை அரசாங்கத்தின் மேசைக்கே வந்தது. கோயில்களில் விலங்கு, பறவைகளைப் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் ஒன்று 1950 முதல் இருந்து வந்தது. 2003 ஆகஸ்டு மாதம், அதனைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தத் தமிழக அரசு ஆணையிட்டது. கிராமங்கள் கலங்கின. காவல் தெய்வத்துக்கு உரியதைக் கொடாவிடில் ஊருக்குத் தீங்கு வரும் என்று சிலர் அஞ்சினர். எங்கள் சாமி எங்களைப் போலவே உண்பவர். எங்கள் உணவை இழிவென்று சொல்பவர் எங்களையே இழிவென்கிறார் என்று வேறு சிலர் சினந்தனர். 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது.

இவ்விரண்டு மறுமொழிகளையும் நாம் வேறுபடுத்திக் காணவேண்டும். முன்னது அச்சத்தின் குரல். பின்னது உறவின் குரல். கிடா வெட்டிய பின் நிகழ்வதைக் கண்டவர்கள் அறிவர்: இறைச்சி பங்கிடப்படுகிறது, வெளியூரில் பிழைக்கச் சென்ற பங்காளிகள் கூடுகின்றனர், பேச்சற்றிருந்த சகோதரர் ஒரே பந்தியில் அமர்கின்றனர். தன் மக்கள் கூடி உண்பதைக் காண்பதே குலதெய்வத்தின் விருப்பம் என்று எண்ணும் குடும்பங்கள் பல. இறைவன் எருதுகளின் இறைச்சியை உண்பவர் அல்லர் என்று நம் திருப்பாடல் பாடுகிறது. ஆயினும் ஒரே பந்தியில் மக்கள் அமர்வதை அவர் விரும்புகிறார் என்பதையும் அதே மறைநூல் கற்பிக்கிறது. ஆனால் அச்சத்தின் குரலைக் காசாக்கும் மந்திரவாதிகளும் குறிசொல்வோரும் எங்கும் உளர். 'சாமி கோபமாயிருக்கிறது' என்று சொல்லி ஏழையின் கடைசி ஆட்டையும் விற்கச் செய்பவன், தெய்வத்தின் குணத்தைத் திரித்துச் சொல்பவனே. இதனை அம்மக்களுள் பலரே கண்டிக்கின்றனர்.

கடல் கடந்த நாடுகளில்

கிறிஸ்தவம் வேரூன்றிய ஐரோப்பாவில், பழைய தெய்வங்களை மீண்டும் அழைக்கும் இயக்கங்கள் தோன்றியிருப்பதை நம் வாசகர்களுள் சிலர் அறியாதிருக்கலாம். இங்கிலாந்தில் சூனியத் தடைச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்ட பின், ஜெரால்டு கார்ட்னர் என்பவர் ஒரு புதிய வழிபாட்டைப் பரப்பினார். இவர் இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும், பின்னர் மலாயாவிலும் பணி புரிந்தவர். ஐஸ்லாந்தில் 1972-இல் பழைய வடபுலத் தெய்வங்களை வணங்கும் சங்கம் ஒன்று அமைந்தது; மறு ஆண்டே அரசு அதனை ஏற்றது. அதன் முதல் தலைவர் ஆடு மேய்க்கும் உழவரும் கவிஞருமான ஒருவர்.

இவர்களிடமும் நம் கேள்விக்கு ஒரே விடை இல்லை. தெய்வங்கள் தனித்தனி மனமுடையவர்கள், எல்லாம் வல்லவர்களும் அல்லர், முற்றும் நல்லவர்களும் அல்லர் என்பர் சிலர். அவை மனித உள்ளத்தின் ஆற்றல்களுக்கு இட்ட பெயர்களே என்பர் வேறு சிலர். ஒரே மெய்ப்பொருளின் பல முகங்கள் என்பாரும் உண்டு. கொடைக்குக் கொடை, நட்புக்கு நட்பு என்பதே தெய்வத்தோடு தமக்குள்ள உறவு. மண்டியிட வேண்டியதில்லை என்று பெருமை கொள்வோரும் உளர். நம் ஊர் வழிபாட்டுக்கும் இவற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே மனிதன் தன் மனத்துக்கு உகந்த தெய்வத்தைத் தெரிந்தெடுக்கிறான். இங்கே குலதெய்வத்தை எவரும் தெரிந்தெடுப்பதில்லை. தாய் தந்தையரைப் போலவே அத்தெய்வத்தையும் பிறப்பால் பெறுகின்றனர். கோபித்தாலும் அதனை விட்டு விலக முடிவதில்லை.

நம் உள்ளத்தில் உள்ள இறைவன்

இவ்வளவும் பிறரைப் பற்றியது. இனி நம் இல்லத்துக்குத் திரும்புவோம். 'சாமி கண்ணைக் குத்தும்' என்று பிள்ளையை அதட்டும் தாய் கத்தோலிக்க வீட்டிலும் இல்லையா? நேர்ந்த காணிக்கை தவறியதால் புனிதர் தண்டித்துவிட்டார் என்று நடுங்குவோர் நம் திருத்தலங்களில் இல்லையா? தேர்வில் வென்றால் இத்தனை மெழுகுதிரி, இல்லையேல் ஒன்றுமில்லை என்று பேரம் பேசுவோர் எந்தத் தெய்வத்தின் குணத்தை எண்ணிப் பேசுகின்றனர்? எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. குழந்தையை இழந்த தாயிடம் சென்று, 'இது உன் பாவத்துக்குத் தண்டனை' என்று நம்மவரே கூறுவது. யோபுவின் நண்பர்கள் அவ்வாறே பேசினர். இறைவன் அவர்களைக் கடிந்தார். பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோது, இவனும் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்று நம் ஆண்டவர் அக்கேள்வியையே தள்ளினார்.

இறைவனை அன்பு என்று நாம் வாயால் அறிக்கையிடுகிறோம். நம் பிள்ளைகள் நம்மிடம் காணும் இறைவனோ பல வேளைகளில் கையில் கோல் ஏந்திய காவலர். அம்மை கண்ட குழந்தையின் அருகில், 'அம்மா வந்திருக்கிறாள்' என்று குரல் தாழ்த்திய அந்த அண்டை வீட்டார், துன்புறுவோனிடம் மரியாதை காட்டுவதில் நம்மை முந்திவிட்டனர் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை.

அடுத்த முறை பொங்கலோ பிரசாதமோ வேலி தாண்டி வரும்போது, வாங்குவதா வேண்டாமா என்ற பழைய வாதத்தோடு நின்றுவிடாமல், அன்போடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: 'அம்மா, உங்கள் சாமி எப்படிப்பட்டவர்? அவரிடம் என்ன கேட்டீர்கள்?' அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். பின்னர் அவரும் அதே கேள்வியை உங்களிடம் கேட்பார். அப்போது சொல்வதற்கு ஏற்ற மறுமொழியை நம் குடும்பங்கள் இன்றே மாலைச் செபத்தின்பின் அமர்ந்து பேசி வைத்துக்கொள்வது நல்லது.